அரை மணித்தியாலம்

விடியப்புறம் ஐந்தேகாலுக்கு
நாக்கில் ஒரு வெள்ளைக் குளிசை,
மிளகிலும் சின்னது.
அதற்குப் பிறகு அரை மணித்தியாலம்
தேத்தண்ணி கிடையாது.

கோணாமலை எனக்கு முன்னால் குந்தியிருந்து
உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறார்.
வேண்டுமென்றில்லை,
அவருக்கு அப்படித்தான் குடிக்கத் தெரியும்.

திருக்கோவிலில், பொத்துவில் றோட்டோரம்
எங்கட தயிர்க் கடை.
மூன்று பலகை, ஒரு தகரம்,
கயிற்றில் தொங்கும் சட்டிகள்.
எருமைத் தயிர். கவிழ்த்தாலும் விழாது.
அந்த ஆடையைத்தான்
போனவருசம் ஆவணியில்
கிளினிக் கொப்பியில் டொக்டர் வெட்டினார்:
கொலஸ்ட்ரோல் இருநூற்று எழுபத்தெட்டு.

வெட்டியதெல்லாம் விட்டேன்.
முதற்பால் விடாத சொதியைக் கோணாமலை
அகப்பையால் கிண்டிப் பார்த்து
"மஞ்சள் கழுவின தண்ணி" என்றார்.
முட்டையில் வெள்ளை எனக்கு, மஞ்சள் நாய்க்கு.
நாய் மினுங்கியது.

தயிர் வாங்க வந்தவர்கள் எல்லாரும்
காசோடு ஒரு மருந்தும் தந்துவிட்டுப் போனார்கள்.
பாணமைக்குப் போகிற லொறிக்காரன்: பச்சை உள்ளி, இரண்டு பல்லு.
அட்டாளைச்சேனை ஜவாத் நானா: கருஞ்சீரகம்,
"மௌத்தைத் தவிர எல்லாத்துக்கும் கேக்கும்."
தபால்கந்தோர் நேசராணி: ஊறவைத்த வெந்தயம்.
எல்லாம் செய்தேன்.
சட்டி நீட்டும்போது உள்ளி மணத்தது,
வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன்
சட்டியை முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

சித்திரையில் கொலஸ்ட்ரோல் இருநூற்றுத் தொண்ணூறு.
சீப்பில் மயிர் கத்தையாய் வந்தது.
தார் உருகும் வெயிலில் எனக்குக் குளிர்ந்தது,
மகனின் பள்ளிக்கூடச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு
தயிர் விற்றேன்.
"என்னக்கா, நுவரெலியாவா?" என்றார்கள் பஸ்ஸிலிருந்து.

அக்கரைப்பற்று ஆசுபத்திரியில் புது டொக்டர்,
என் மகள் வயதிருக்கும்,
கழுத்தைத் தடவிப் பார்த்து
வேறொரு இரத்தம் எடுக்கச் சொன்னாள்.
தைரொயிட்.
"இந்தச் சுரப்பி சோம்பினால்
ஈரலும் கொழுப்பை அள்ளாமல் விட்டுடும்மா.
நீங்க தயிரில பழியைப் போட்டுட்டீங்க."
எட்டு மாதம்.
ஒன்றுமறியாத சட்டிகளை
எட்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம்.
ஆனியில் கட்டாரிலிருந்து மச்சாள் வந்தாள்,
கையில் பச்சை லேபல் போட்ட போத்தல்:
கடற்பாசிக் கூட்டுக்குளிசை, எண்ணாயிரத்து ஐந்நூறு.
"மற்றது கெமிக்கல். இது கடல். முழுக்க இயற்கை."

பதினேழு சட்டித் தயிர்க் காசைக் கொடுத்தேன்,
வெள்ளைக் குளிசையை அலுமாரியில் பூட்டினேன்.

இப்ப நினைக்கிறேன்:
கடல் இயற்கை, ஆகவே நல்லது என்று
இந்தக் கரையில் நின்று யார் சொல்லலாம்?
மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
அது எங்கட கிணற்றுக்குள் வந்து நின்றது.
அதுவும் முழுக்க இயற்கைதான்.

ஆறு கிழமையில் முகம் ஊதிப்போச்சு.
குரல் ஆம்பிளைக் குரலாய்ப் போச்சு.
போனில் கூப்பிட்ட மகள் "அப்பா" என்றாள்.

டொக்டர்பிள்ளை ஏசவில்லை.
போத்தலைத் திருப்பித் திருப்பி
நுண்ணெழுத்தெல்லாம் வாசித்தாள்.
"அயடின் குறைஞ்சாலும் பிழை, கூடினாலும் பிழை.
சாப்பாடு உங்கட கையில இருக்கட்டும்.
குளிசைய மட்டும் என்னைக் கேக்காம விடாதீங்க."

கேட்டேன்: கோவா சாப்பிடலாமா?
அவித்துச் சாப்பிடுங்க.
மரவள்ளி? எப்பவாவது.
சூடை மீன்? அதைத்தான் சாப்பிடச் சொல்லுறன்,
பொரிக்காமல்.
இரும்புச்சத்துக் குளிசை இரவில்,
இதோடு முட்டுப்படாமல்.
தயிர்?
அவள் சிரித்தாள். ஆடை எடுத்துப்போட்டு, கொஞ்சம்.

தையில் இருநூற்று ஆறு.
சுவெற்றரை மகன் திருப்பிக் கேட்கவில்லை,
நாய் படுக்கிறது அதில்.

ஐந்து முப்பத்தைந்து.
இன்னும் பத்து நிமிசம் இருக்கு.
கோணாமலை இரண்டாவது கோப்பையும் முடித்துவிட்டார்.
கடற்பக்கம் வெளுக்கிறது.
முதல் சட்டியின் கடதாசியை அவிழ்க்கிறேன்.
விற்கிறவள் புளிப்புப் பார்க்கத்தானே வேணும்?
சுட்டுவிரல் நுனியளவு, ஆடையோடு,
ஐந்தே முக்கால் ஆனதும்.

இதை மட்டும்
கிளினிக் கொப்பியில் சொல்லி எழுதுவிக்கவில்லை.